சின்ன வயசு புக்ஸ் தண்ணில நனைஞ்சா என்ன பண்ணணும், என்ன பண்ணவே கூடாது

இதை எழுதறதுக்கு ஒரே காரணம், நான் மாட்டிக்கிட்டு முழிச்சப்போ இதெல்லாம் எடுத்துச் சொல்ல ஒரு ஆளும் கிடைக்கல. சுவத்துக்குள்ள போற பைப்ல எங்கயோ கசிவு. நாங்க யாரும் வீட்ல இல்லாத நேரமா பாத்து அது பரண்ல இறங்கி, அங்க இருந்த அத்தனை சாமானையும் விட்டுட்டு கரெக்டா என் புக் பெட்டிய புடிச்சிருக்கு. அட்டைப்பெட்டி வேற, அடில இருந்து உறிஞ்சி உறிஞ்சி ஊறிப்போய், நான் தூக்கும்போது அடிப்பக்கம் கழண்டு மொத்தமும் தரையில. எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஸ்கூல் முடிக்கற வரைக்கும் நான் படிச்ச கதை புக்ஸ், படக்கதைங்க, பத்திரிகைல இருந்து கிழிச்சு நானே நூல் கோத்து தச்சு வச்ச தொடர்கதைங்க எல்லாம் அதுக்குள்ள தான். அழுதேன்னு சொல்ல எனக்கு வெக்கம் இல்ல. வீட்ல "பழைய பேப்பர் தானே, எடைக்குப் போட்டுடலாமா"ன்னு கேட்டாங்க பாருங்க, கெட்ட எண்ணத்துல கேக்கலன்னு தெரிஞ்சும் அந்தக் கோவம் எனக்கு இன்னும் முழுசா அடங்கல.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது நேரக் கணக்கு. நனைஞ்ச காகிதத்துல பூஞ்சை புடிக்க 48 மணி நேரம் போதும், காத்தோட்டம் இல்லாத இடம்னா இன்னும் சீக்கிரமே. அதாவது உக்காந்து கவலைப்படறதுக்கெல்லாம் டைம் கிடையாது. ஒரு பெட்டி நிறைய நனைஞ்சிருந்தா அத்தனையையும் அதுக்குள்ள ஒரு ஆளா காய வைக்கவும் முடியாது. அப்போ என்ன பண்றதுன்னா, இன்னிக்கு கை வைக்க முடியாத புக்ஸை ஃப்ரீசர்ல வச்சிடுங்க. கிண்டல் பண்ணலைங்க. தனித்தனியா ஒரு பிளாஸ்டிக் கவர்லயோ மெழுகுத்தாள்லயோ சுத்தி, முதுகுப் பக்கம் கீழ இருக்கற மாதிரி அடுக்கி ஃப்ரீசர்ல வச்சா பூஞ்சை வளர்றது அப்படியே நிக்கும், மை கசியறதும் நிக்கும். அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு எடுத்து நிதானமா காய வச்சுக்கலாம். பெரிய லைப்ரரிங்க வெள்ளத்துல மாட்டினா இதையே தான் பண்றாங்க, என்ன, அவங்ககிட்ட பெரிய குளிர்பதனக் கிடங்கு இருக்கும், நமக்கு ஐஸ்கிரீம் டப்பாவ எடுத்துட்டு இடம் பண்ணணும். இந்த விஷயம் எனக்கு தெரிய வந்தப்போ பாதி புக்ல பச்சையா கருப்பா புள்ளி வந்தாச்சு.

காய வைக்கறதுல எல்லாருக்கும் முதல்ல தோணறது மொட்டை மாடி வெயில். வேண்டவே வேண்டாம். நேர் வெயில்ல வச்சா வெளிப்பக்கம் மட்டும் சீக்கிரம் காஞ்சு உள்ள ஈரம் நிக்கும், அட்டை வளையும், கலர் வெளுக்கும், ஏற்கனவே பழுத்த தாள் இன்னும் பழுக்கும். ஹேர் டிரையரும் அதே கதை தான். நிழல்ல, ஃபேன் ஓடற ரூம்ல, காத்து நேரா புக் மேல அடிக்காம, லேசா விரிச்ச மாதிரி நிக்க வைக்கணும். ரொம்ப ஊறி நிக்கவே மாட்டேங்குதுன்னா படுக்க வச்சு, இருபது பக்கத்துக்கு ஒரு தரம் அச்சு இல்லாத வெள்ளைத்தாளோ டிஷ்யூ பேப்பரோ செருகி, அது ஈரமானதும் மாத்திக்கிட்டே இருக்கணும். நியூஸ்பேப்பர் செருகினா அதோட மை நம்ம புக்ல ஒட்டிக்கும். நிறைய தாளை ஒரே நேரத்துல திணிச்சாலும் முதுகு பிளந்துடும். ஈரத்துல பூஞ்சையை துணியால துடைக்காதீங்க, அது தாளுக்குள்ள தேய்ஞ்சு இறங்கிடும். முழுசா காஞ்சப்புறம் வெளிய எடுத்துட்டுப் போய் மாஸ்க் போட்டுக்கிட்டு மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடுங்க. ஆஸ்துமா இருக்கறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க, வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க. கிட்டத்தட்ட காஞ்சதும், லேசா குளிர்ச்சி மட்டும் இருக்கும்போது, மேல கனமா எதையாவது வச்சு அமுக்கினா ஓரளவுக்கு நேராகும். ஓரளவுக்கு தான். பழைய ஒல்லி உருவத்துக்கு ஒரு புக்கும் திரும்பாது, அதை மனசுல வாங்கிக்கோங்க.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அது தெரியாததால தான் எனக்கு பெரிய நஷ்டம். குழந்தைங்க படப் புக்ஸ் நிறைய வழவழப்பான ஆர்ட் பேப்பர்ல இருக்கும். அந்தத் தாள் மேல பூசியிருக்கற பூச்சு நனைஞ்சா பசை மாதிரி ஆயிடும், அப்படியே காய விட்டா பக்கத்தோட பக்கம் ஒட்டிக்கும், அதுக்கப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது. அதனால பெட்டிய திறந்ததும் முதல்ல கை வைக்க வேண்டியது பளபளப்பான புக்ஸ் மேல தான். ஈரமா இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமா பிரிச்சு நடுவுல மெழுகுத்தாள் வைக்கணும், இல்ல உடனே ஃப்ரீசருக்குப் போகணும். நான் கதை புக்ஸ் தான் முக்கியம்னு அதுங்களோட போராடிட்டு இருந்தேன், எனக்கு முத முதல்ல வாசிச்சுக் காட்டின பெரிய சைஸ் மிருகங்க படப் புக் ஒரு ஓரமா தானா காஞ்சு செங்கல் மாதிரி ஆயிடுச்சு. தட்டினா சத்தம் வருது. அதை இன்னும் தூக்கிப் போடல.

ராத்திரி தாள் மாத்திக்கிட்டே போன்ல படிச்சதுல ரெண்டு விஷயம் தெம்பு குடுத்துச்சு. 1966 நவம்பர்ல இத்தாலில ஃபிளாரன்ஸ் நகரத்துல ஆறு பொங்கி அங்க இருக்கற தேசிய நூலகமே சேத்துல மூழ்கிடுச்சு, பல ஊர்ல இருந்து காலேஜ் பசங்க வந்து வரிசையா நின்னு கை மாத்தி மாத்தி புக்ஸை மேல ஏத்தியிருக்காங்க. இன்னிக்கு நனைஞ்ச புக்ஸை காப்பாத்தற முறைங்க நிறைய அந்த வெள்ளத்துக்கு அப்புறம் தான் உருவாச்சு. இன்னொண்ணு 1988ல ரஷ்யால லெனின்கிராட்ல (இப்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அறிவியல் அகாதமி நூலகத்துல தீப்பிடிச்சது. தீயை அணைக்க அடிச்ச தண்ணில ஏகப்பட்ட புக்ஸ் நனைஞ்சு போச்சு, அப்போ ஊர்ஜனங்க அதுங்களை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் காய வச்சு திருப்பிக் கொடுத்திருக்காங்க. வீட்டு ரூம்ல வச்சே நடக்கற காரியம் தான் இதுன்னு நம்பிக்கை வந்தது அதைப் படிச்சப்புறம் தான். ஆனா அவங்க ஊரே கூடி பண்ணாங்க, எனக்கு உதவிக்கு ஃபேன் மட்டும் தான் இருந்துச்சு.

சரி, இனிமே சொல்லப்போறது டெக்னிக் இல்ல, ஆனா எனக்கு இதுல மிஞ்சினதுன்னா இது தான். ஒவ்வொரு பக்கமா பிரிக்கும்போது வேற வழியில்லாம ஒவ்வொண்ணையும் கிட்ட வச்சு பாக்க வேண்டி வந்துச்சு. யாராவது என்கிட்ட "சின்ன வயசுல உன்னை படிக்க வச்ச புக் எது"ன்னு கேட்டா கௌரவமா நாலஞ்சு பேர் சொல்லுவேன், போட்டில ஜெயிச்சு வாங்கின கெட்டி அட்டை புக்ஸ், பெரியவங்க பிறந்தநாளுக்கு கொடுத்த உலக இலக்கியச் சுருக்கங்கள் அந்த மாதிரி. அதெல்லாம் பாத்தா பக்க ஓரம் வெள்ளையா, முதுகு விறைப்பா, நனைஞ்சும் கூட மிடுக்கா இருக்கு. யாரும் படிச்ச மாதிரியே இல்ல. நானே தான் படிக்கலை. அட்டை போய், முதுகு பிஞ்சு, பக்கத்தோட கீழ் வலது மூலை விரல் பட்டு பட்டு கருப்பா மழுங்கிப் போனது எதுன்னு பாத்தா மலிவுத்தாள்ல வந்த துப்பறியும் கதை வரிசையும் படக்கதைங்களும் தான். ஒரு புக்ல நடுவுல ஒரே ஒரு பக்கம் மட்டும் மத்ததை விட அழுக்கா இருக்கு, என்னடான்னு பாத்தா அது பேய் பங்களா வர்ற பக்கம், அதை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்து பயந்திருக்கேன் போல.

அதனால குழந்தைங்களுக்கு புக் வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். ஒரே மாதிரி கதைய வரிசையா படிக்குதே, ஒரே புக்கை பத்து தடவ படிக்குதேன்னு புடுங்கி வேற நல்ல புக் கைல கொடுக்கறவங்க நிறைய பேர். எங்க வீட்லயும் நடந்துச்சு. ஆனா வரிசைக் கதைல ஆளுங்க ஏற்கனவே பழக்கம், ஊர் பழக்கம், யாரு எப்படி பேசுவாங்கன்னு தெரியும், அதனால அந்தக் குழந்தை மூச்சு வாங்காம வேகமா படிக்குது, வேகமா படிக்கறதுல ருசி வருது. அந்த ருசி வந்தப்புறம் தான் நான் கஷ்டமான புக் பக்கமே போனேன். உங்க வீட்டு ஷெல்ஃப்ல எந்த புக் கிழிஞ்சிருக்குன்னு பாருங்க, அது தான் உண்மையான லிஸ்ட். இன்னொண்ணும் கவனிச்சேன், கிழிஞ்ச புக் எல்லாமே கைக்கு எட்டற இடத்துல இருந்தது, கண்ணாடி பீரோல பூட்டி வச்சது ஒண்ணுக்கு கூட மூலை மழுங்கல.

எல்லாத்தையும் விட மோசமான நிலைமைல இருந்தது அட்டையும் இல்லாம, முதல் பக்கமும் இல்லாம, கடைசி சில பக்கமும் இல்லாம எனக்கு கைமாறி வந்த ஒரு கதை. வரும்போதே அப்படித்தான் வந்துச்சு. பேர் தெரியாது, எழுதினது யாருன்னு தெரியாது, முடிவு தெரியாது. அதுக்கு முடிவு நானே கட்டினேன், ஒரு லீவுக்கு ஒரு முடிவு. சிலதை ஓரத்துல பென்சில்ல எழுதியும் வச்சிருக்கேன், எழுத்துப்பிழையோட, பயங்கர சண்டைக் காட்சியோட. இன்னிக்கு வரைக்கும் எந்தக் கதைய படிச்சாலும் முக்கா பங்குல நிறுத்தி அடுத்து என்னன்னு யோசிக்கற பழக்கம் அதுல இருந்து வந்தது தான். பென்சில் தண்ணிக்கு கரையாது, அதனால அந்தக் கிறுக்கல் அப்படியே இருந்துச்சு. பேனா மைல பெரியவங்க எழுதிக் கொடுத்த "அன்புடன்" எல்லாம் நீலமா பரவி போயிடுச்சு. உங்க குழந்தைக்கு புக் கொடுக்கும்போது பேர் எழுதறதா இருந்தா பென்சில்ல எழுதுங்க, சும்மா சொல்லலை.

இப்போ பைண்டிங் கதைக்கு வர்றேன், இங்க தான் பணம் போச்சு. காஞ்ச புக்ஸ் எல்லாம் உப்பி, தாள் தாளா கழண்டு இருக்கவும் பழைய புக்ஸை சரி பண்ணித் தர்ற ஒருத்தரை விசாரிச்சு புடிச்சேன். "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்மா, உங்களுக்கே அடையாளம் தெரியாது"ன்னு சொன்னார். அடையாளம் தெரியாதுன்னு சொன்னப்பவே பையைத் தூக்கிட்டு வந்திருக்கணும். திரும்பி வந்தப்போ உண்மையிலேயே அடையாளம் தெரியல. மூணு பக்க ஓரத்தையும் மெஷின்ல கட்டிங் போட்டு சமமா வெட்டியிருக்கார், என் பென்சில் கிறுக்கல்ல பாதி அந்த வெட்டுல போச்சு. முதுகுப் பக்கம் ஓட்டை போட்டு இறுக்கி தச்சதுல உள் ஓரத்து எழுத்து மடிப்புக்குள்ள போயிடுச்சு, புக்கை விரிச்சு வைக்கவே முடியாது. போதாததுக்கு நாலு படக்கதைய நல்லா இருக்கட்டும்னு லாமினேஷன் பண்ணியிருக்கார். கேட்டா, "ஏம்மா, இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுல்ல"ங்கறார். அவர் மேல தப்பு சொல்லவும் வாய் வரல, சொல்லாம இருக்கவும் முடியல. ஒரு மாசத்து வீட்டுச் செலவுல பாதி அதுக்கு கொடுத்தாச்சு.

லாமினேஷன் பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்றேன். சூட்டுல ஒட்டின பிளாஸ்டிக்கை திரும்ப எடுக்க முடியாது. மலிவுத்தாள் மரக்கூழ்ல செஞ்சது, அதுல இருக்கற லிக்னின் வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகும், தாள்ல இருக்கற அமிலம் உள்ளேருந்தே அதை நொறுங்க வைக்கும். பிளாஸ்டிக்குக்கு நடுவுல வச்சு மூடினா அந்த அமிலம் எங்கயும் போகாது, உள்ளயே நின்னு வேலைய காட்டும். பெரிய ஆவணக் காப்பகங்களே 1930கள்ல இருந்து பல வருஷம் செல்லுலோஸ் அசிடேட்ங்கற பிளாஸ்டிக் ஷீட் வச்சு லாமினேஷன் பண்ணி, அப்புறம் அதை எப்படி பிரிக்கறதுன்னு தலைய பிச்சுக்கிட்டாங்க. செல்லோ டேப்பும் வேண்டாம், சில வருஷத்துல டேப் உதிர்ந்துடும், அந்தப் பசை மட்டும் பழுப்பா தாள்ல இறங்கி நிக்கும். கிழிசல் ஒட்டணும்னா மாவுப்பசை, மெல்லிசா நாருள்ள தாள், அவ்வளவு தான், நாளைக்கு தண்ணி வச்சு எடுத்துடலாம். திரும்ப எடுக்க முடியாத எந்த வேலையும் பழைய புக்ல பண்ணக்கூடாது. பைண்டரண்ணே கிட்ட கொடுத்தே ஆகணும்னா "கட்டிங் போடக்கூடாது, ஓட்டை போட்டு தைக்கக்கூடாது, லாமினேஷன் கூடாது, பழைய அட்டைய தூக்கிப் போடாம தனியா கொடுங்க"ன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதியே கொடுங்க, முதல்ல உங்களுக்கு போனா பரவால்லைங்கற ஒரு புக்கை மட்டும் கொடுத்துப் பாருங்க.

அப்புறம் போன புக்ஸை எல்லாம் திரும்ப வாங்கிடலாம்னு ஒரு வெறி வந்துச்சு. இதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. நான்ஸி ட்ரூ துப்பறியும் வரிசை எனக்கு உயிர், அதுல ஒண்ணை அதே தலைப்புல தேடி வாங்கினேன். படிச்சா எனக்கு ஞாபகம் இருக்கற ஒரு இடம் இல்லவே இல்ல, கதை ஓடற ஓட்டமும் வேற. எனக்கு தான் ஞாபகம் குழம்பிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் தான் தெரிஞ்சது, 1930ல ஆரம்பிச்ச அந்த வரிசையோட பழைய கதைங்களை 1959ல இருந்து திருத்தி சுருக்கி, சிலதை முழுசாவே மாத்தி எழுதி அதே தலைப்புல போட்டிருக்காங்க. என்கிட்ட இருந்தது எப்பவோ யார் வீட்லயோ இருந்து வந்த பழைய பதிப்பு. இது அந்த ஒரு வரிசைல மட்டும் நடக்கல, குழந்தைங்களுக்கு எழுதின எனிட் பிளைட்டனோட ஐவர் குழு (ஃபேமஸ் ஃபைவ்) கதைங்களுக்கு 2010ல மொழிய புதுப்பிச்சு போட்டாங்க, இன்னொரு சிறார் எழுத்தாளர் ரோல் டால் புக்ஸ்ல வார்த்தைங்களை மாத்தினது 2023ல பெரிய சர்ச்சையே ஆச்சு, அப்புறம் பழைய வடிவத்தையும் தனியா விப்போம்னு பதிப்பகம் அறிவிச்சது. மாத்தறது சரியா தப்பாங்கறது வேற விவாதம், எனக்கே ரெண்டு பக்கமும் மனசு போகுது. ஆனா பழசை தேடி வாங்கறவங்க தலைப்பை நம்பாதீங்க. பதிப்பு விவரம் இருக்கற பக்கத்தோட போட்டோ கேளுங்க, முதல் பதிப்பு எந்த வருஷம், இது எந்த வருஷத்து பதிப்புன்னு பாருங்க, 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புக்கோட அடையாள எண்) மட்டும் போட்டிருந்தா அது 2007க்கு அப்புறம் அடிச்சதா இருக்க தான் வாய்ப்பு அதிகம்.

அந்த வெறில இன்னொரு இடத்துலயும் பணம் போச்சு. நான் தேடின ஒரு படக்கதை தன்கிட்ட இருக்குன்னு ஒருத்தர் அட்டை போட்டோ அனுப்பினார், அட்வான்ஸ் அனுப்பினேன், அப்புறம் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அட்டைப்படம் நெட்ல யாருக்கும் கிடைக்கும்ங்க. உள்பக்கம் ஒண்ணை நீங்க சொல்ற பக்க எண்ல திறந்து, பக்கத்துல இன்னிக்கு தேதிய ஒரு தாள்ல எழுதி வச்சு போட்டோ கேளுங்க. புக் உண்மையா கையில இருக்கறவருக்கு அது ஒரு நிமிஷ வேலை, மழுப்பினா விட்டுடுங்க. ஏக்கத்துல இருக்கறவங்ககிட்ட பணம் புடுங்கறது ரொம்ப சுலபம்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

இத்தனையும் ஆனப்புறம் நான் பண்ண வேண்டியதை கடைசில பண்ணேன், அதாவது பிரிச்சேன். ஒரு பக்கம், கதை தான் வேணும், இதே பிரதி வேணும்னு இல்லைங்கறது. அதெல்லாம் லைப்ரரில கிடைக்கும், இணையத்துல கிடைக்கும், புதுசா வாங்கிக்கலாம், பூஞ்சை புடிச்ச பிரதிய மனசை கல்லாக்கிட்டு விட்டுடலாம். இன்னொரு பக்கம், இந்தப் பிரதியே தான் வேணும், ஏன்னா இதுல என் கிறுக்கல் இருக்கு, யாரோ எழுதிக் கொடுத்தது இருக்கு. அப்படி எண்ணிப் பாத்தா ரெண்டு கை அளவு கூட தேறல. முதல் நாளே இப்படி பிரிச்சிருந்தா ஃப்ரீசர்லயே எல்லாம் அடங்கியிருக்கும். மிஞ்சினதை எல்லாம் போன்லயே பக்கம் பக்கமா போட்டோ எடுத்து ரெண்டு இடத்துல வச்சாச்சு. பெட்டி இப்போ பரண்ல இல்ல, தரையிலயும் இல்ல, வெளிச்சுவரை ஒட்டியும் இல்ல. காத்தோட்டம் இருக்கற ஷெல்ஃப்ல நிக்குது. காத்துப்போகாம பிளாஸ்டிக்ல இறுக்கி கட்டினா உள்ளயே வேர்க்கும், ராமபாணப் பூச்சிக்கும் ஈரமும் பசையும் தான் விருந்து, அதனால அந்துருண்டை போடறதை விட ஈரம் இல்லாம பாத்துக்கறது தான் வேலைக்காகும். அந்துருண்டை வாசனை குழந்தைங்களுக்கு நல்லதும் இல்ல, அது போட்ட புக்கை யாரு மடில வச்சு படிக்கறது.

அந்த தலைப்பில்லாத கதைய மட்டும் இன்னும் தேடிட்டு இருக்கேன். தேடறவங்களுக்கு நான் கத்துக்கிட்டது, மொழிபெயர்ப்பா இருக்க வாய்ப்பு இருந்தா ஆளுங்க பேரை வச்சு தேடாதீங்க, பேரெல்லாம் மாத்தியிருப்பாங்க, நடந்த விசித்திரமான சம்பவத்தை வச்சு தேடுங்க. ஸ்கேன் பண்ண புக்ஸோட உள்ள இருக்கற எழுத்துலயே தேடற வசதி இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கு, எந்த லைப்ரரில எது இருக்குன்னு பாக்க வேர்ல்ட்கேட் இருக்கு. என் கதைல ஒரு கலங்கரை விளக்கம், மூணு கால் ஆடு, பழைய ரேடியோ எல்லாம் ரிப்பேர் பண்ற ஒரு பாட்டி, அந்தப் பாட்டி தான் ராத்திரில விளக்கை அணைக்கறாங்களோன்னு பையனுக்கு சந்தேகம் வர்ற இடத்துல பக்கம் முடிஞ்சிடுது. படிச்சவங்க யாராவது இருந்தா தலைப்பை மட்டும் சொல்லுங்க, தயவுசெஞ்சு முடிவை சொல்லிடாதீங்க.